இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

கல்கத்தா சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் சாயங்காலம் கூடும் கூட்டத்தில் நானும் ஒருவன். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எல்லோருக்கும் சர்க்கரை. எல்லோர் வீட்டிலும் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை ஒன்று. நேற்றுப் பேச்சு, பிள்ளைகள் கேட்கிற பாட்டைப் பற்றி. சட்டர்ஜிதான் ஆரம்பித்தார். அவர் மகன் கேட்பது பாட்டே இல்லையாம், யாரோ யாரையோ மிரட்டுவது மாதிரி இருக்கிறதாம். இன்னொருவர் வீட்டில் எல்லாம் கொரியப் பாட்டு. ஒரு எழுத்து புரியாமலே அந்தப் பெண் கண்ணீர் விடுகிறாளாம். நான் சும்மா இருப்பேனா? ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, வெறும் சத்தம் என்று எல்லோரையும்விட உரக்கத் தீர்ப்புச் சொன்னேன். சட்டர்ஜி மெதுவாகக் கேட்டார், உங்கள் பெண் கேட்கிற பாட்டு ஒன்றின் முதல் வரி என்ன என்று. எனக்குத் தெரியவில்லை. அவர் மகனுடையது அவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் டீக் குவளையைக் கையில் எடுத்தோம்.

மண் குவளையில் டீ ஊற்றியதும் ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நனைந்த சுவரின் வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு செக்டர் ஃபைவ் மறைந்துவிடும். பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறை வந்துவிடும். மழைக்காலம் முழுக்க அந்த அறைச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். அதில்தான் நான் என் சங்கீதத்தை வளர்த்தேன், சுவர் பூஞ்சையை வளர்த்தது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர், கடைசிவரை திருநெல்வேலியாகவே பேசினார். வங்காளத்தில் மீன் விலை கேட்டால்கூட அது தாமிரபரணிக் கரையிலிருந்து கேட்பதுபோல்தான் இருக்கும். மீன்காரர்கள் அவரை மதித்தார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றைக்குக் கல்கத்தாவில் புதுத் தமிழ்ப் பாட்டு கேட்க ஒரே வழிதான். மெட்ராஸிலிருந்து ரயிலேறி வருகிறவர் யாராவது கேசட் கொண்டுவர வேண்டும். லீவு முடிந்து திரும்புகிறவர், மாற்றலாகி வருகிறவர், பெண் பார்க்க வருகிறவர் என்று யாராக இருந்தாலும், ஊறுகாய் ஜாடியோடு ஒரு கேசட்டும் எதிர்பார்ப்போம். ஊறுகாய் இல்லாமல் வந்தவரை மன்னித்திருக்கிறோம். வந்த கேசட் தமிழ் வீடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் இருந்தால் அன்று மாலைக்குள் ஜாதவ்பூர் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி எடுப்போம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எங்களிடம் ஒரு டேப் ரெக்கார்டர். பக்கத்து வீட்டுக் கோஷிடம் இன்னொன்று இரவல். இரண்டையும் தரையில் எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதைக் கேட்கவிடுவோம். அறைக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். ஃபேன் ஓடினால் காற்று பதிந்துவிடும், ஆகவே ஃபேனும் கிடையாது. கல்கத்தாவின் புழுக்கத்தில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு கிலோ குறைந்திருப்பேன். அவ்வளவு பாடுபட்டும் நடுவில் கரண்ட் போனால் போச்சு. என்னிடமிருந்த பாட்டுகளில் பாதி, பாடகருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனதுபோல இழுத்து நிற்கும். மீதிப் பாதியில் குக்கர் விசில், தெருவில் ரிக்‌ஷாக்காரரின் மணி, சாயங்காலமானால் கோஷ் வீட்டுச் சங்கு. வெகுநாள்வரை அவையெல்லாம் பாட்டில் சேர்ந்தவை என்றே காதுக்குப் பழகியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கேசட்டின் மூன்றாவது பாட்டு, முதல் சரணம் முடிந்திருந்தது. முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து கதவைத் திறந்தார். வேர்த்து வழிந்துகொண்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நான் தவம் செய்வதைப் பார்த்தார்.

"ஏலேய், என்னல இது? தொண்டைல மீன் முள்ளு மாட்டுனவன் மாதிரி கத்துதான். இதுக்கு ஃபேனை வேற அமத்தி வச்சிருக்க. நிப்பாட்டுல."

வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு அது இன்னும் கோபம். ஒரு செருமல் செருமி, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அதோடு இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. எல்லாம் பதிந்துவிட்டது. மறுபடி எடுக்க நேரமில்லை, ஜாதவ்பூர் பையன் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டான்.

ரொம்ப நாள் அந்த இடம் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் வேலையில் சேர்ந்த வருஷம் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அவருடைய போட்டோக்கள் நிறைய இருந்தன, எல்லாவற்றிலும் வாயை இறுக மூடியிருந்தார். குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு திட்டுத்தான். அந்தப் பாட்டைப் போட்டால் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிற்பாள். செருமல் முடிந்து கதவுச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுவாள். பிறகு அவளும் போனாள், டேப் ரெக்கார்டரும் வாயை மூடிக்கொண்டது. கேசட்டை மட்டும் அலமாரியில் ரசகற்பூரத்தோடு வைத்திருந்தேன். சரிசெய்ய வேண்டும், சரிசெய்ய வேண்டும் என்றே வருஷங்கள் போயின.

என் பெண் நந்தினிக்குப் பதினாறு வயது. சால்ட் லேக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னை 'பாபா' என்றுதான் கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப்போல. வீட்டில் நடமாடும்போதெல்லாம் காதில் வெள்ளையாக இரண்டு மொட்டுகள். சாப்பாட்டு மேஜையில் அவள் தலை மட்டும் எதற்கோ ஆடிக்கொண்டிருக்கும். எதற்கு என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு என் பாட்டு பிடிக்கவில்லை, ஆனால் அது அவர் காதில் விழுந்தது. விழுந்ததால்தான் எழுந்து வந்து திட்டினார். நான் எதைத் திட்டுவது? என் வீட்டில் நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது, வீடு மட்டும் அமைதியாக இருக்கிறது. ஒருநாள் என்ன கேட்கிறாய் என்று கேட்டேன். "உனக்குப் பிடிக்காது பாபா," என்றாள் அன்பாகவே.

என்றைக்காவது அந்தக் கேசட்டை அவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று ஒரு எண்ணம் இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தாவின் குரலை முன்கூட்டிச் சொல்லாமல் கேட்கவைக்க வேண்டும், அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அப்போது இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதற்காகத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் என் பிறந்தநாள். நந்தினி தன் போனை என் கையில் வைத்தாள்.

"உன் பழைய கேசட்ல இருந்த பாட்டு ஷொப், எல்லாமே இதுல இருக்கு பாபா. எல்லாம் ஒரிஜினல். நாய்ஸே கிடையாது."

அலமாரியில் இருந்த கேசட் எப்படியோ அவள் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு வாரமாகப் பாடுபட்டிருக்கிறாள். கீழ்வீட்டுச் சேன் பெரியவரிடம் இருந்த பழைய டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, தன் அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, போனை அதன் முன்னால் பிடித்திருக்கிறாள். பாட்டைக் கேட்டு அது என்ன பாட்டு என்று போனே சொல்லிவிடுமாம். அப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறாள். என்னைப்போலவே வேர்த்து வழிந்திருப்பாள். அந்த ஒரு வாரம் என் பெண் நான் கேட்ட பாட்டைத்தான் கேட்டிருக்கிறாள், நான்தான் அந்த அறையில் இல்லை.

"கேசட் எங்கம்மா?"

"அது பூரா ஃபங்கஸ் பாபா. மூணாவது பாட்டு மட்டும் போனுக்குப் பிடிபடவே இல்ல. நடுவுல யாரோ ஒரு அங்கிள் கத்திட்டே இருக்கார். ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் போட்டேனா, டேப் சிக்கி அறுந்துடுச்சு. அப்புறம் வரிகளை டைப் பண்ணித் தேடிக் கண்டுபிடிச்சேன்."

அறுந்த நாடா, காலையில் விசில் ஊதிக்கொண்டு வருகிற குப்பை வண்டியில் போய்விட்டது. நான் அலுவலகத்தில் இருந்திருப்பேன்.

அந்த அங்கிள் யார் என்று நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மூன்றாவது பாட்டைப் போட்டாள். முதல் சரணம் முடிந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன், பழக்கம். அங்கே ஒரு புல்லாங்குழல் வந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்டே இராத புல்லாங்குழல். அப்பாவுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது சரணம் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஆரம்பித்தது.

"கிளியரா இருக்கா பாபா?"

"ரொம்பக் கிளியரா இருக்கும்மா."

அவள் மொட்டுகளைக் காதில் செருகிக்கொண்டு அறைக்குப் போனாள்.

பவானிபூர் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கோஷ் குடும்பம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கரண்ட்கூட முன்போலப் போவதில்லை. ரயிலில் யாரும் பாட்டுக் கொண்டுவருவதில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அந்தப் பாட்டைப் போட்டு, புல்லாங்குழல் வருகிற இடத்தில் அப்பாவின் வார்த்தைகளை நானே சொல்லிப்பார்த்தேன். வார்த்தை ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் வரவில்லை, அந்தத் திருநெல்வேலியும் வரவில்லை. கல்கத்தாவில் வளர்ந்த வழவழத் தமிழ்தான் வந்தது. பாட்டு அதுபாட்டுக்கு ஓடி முடிந்தது. அதை நிறுத்தச் சொல்ல இனி யாரும் இல்லை.