இடப்பக்கக் கடைசி வரிசை

இது கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். அந்த வயலில் நானும் நின்றேன். என் கையிலும் அரிவாள் இருந்தது.

உழுதது நாங்கள். நட்டது நாங்கள். விளைந்ததும் பண்ணையார் வீட்டு வண்டி வந்து வாரிக்கொண்டு போகும். எங்களுக்குப் பதர்! இந்த முறை ஒரு மணி நெல்கூடக் கொடுப்பதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. அதை அந்த ஆள் முன்னால் போய்ச் சொன்னவள் என் அக்கா. அன்று மத்தியானமே அவளை இழுத்துப் போய் நெல் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்.

கிடங்கைச் சுற்றி அடியாட்கள். விடிவதற்குள் நாங்கள் வயலில் இறங்கினால் அவர்கள் அங்கே ஓடி வருவார்கள். அந்தச் சமயத்தில் கிடங்கை உடைத்து அக்காவை மீட்பது என்று பேசிக்கொண்டோம்.

காலை மணி நாலு. ஒரே பனி. ஆளுக்கொரு வரிசை பிடித்து நின்றோம். அக்கா நொட்டாங்கைக்காரி, அரிவாளை இடக்கையில்தான் பிடிப்பாள். அவளை நடுவில் நிறுத்தினால் பக்கத்து ஆளின் விரல் போய்விடும். அதனால் இடப்பக்கக் கடைசி வரிசை எப்போதும் அவளுக்குத்தான். பழக்க தோஷம்... அன்றும் அதை விட்டுவிட்டே நின்றோம். அதற்கு அடுத்து நான்.

கொஞ்ச நேரம் போயிருக்கும்.

சரக்... சரக்...

என் இடப்பக்கம்.

பனியில் ஆள் தெரியவில்லை. அறுத்துப் போட்ட தாள்கள் தெரிந்தன. எங்கள் கதிரெல்லாம் ஒரு பக்கம் பார்த்துக் கிடந்தன. அவை எதிர்ப்பக்கம்.

"அக்கா? தப்பிச்சு வந்துட்டியா?"

"ம்."

"ரொம்ப அடிச்சாங்களா?"

"பேசாம அறுடி."

அவள் குரலேதான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனால்... குனிந்து அறுத்தால் மூச்சு வாங்கும். எனக்கு வாங்கியது.

அவளிடம் மூச்சுச் சத்தமே இல்லை.

திடீரென்று டார்ச் வெளிச்சம். பண்ணைக் காரியக்காரன், பின்னால் அடியாட்கள்.

"எவன்டா அது? கைய வெட்டிப்புடுவேன்!"

நாங்கள் நிமிர்ந்தோம். ஒருவரும் நகரவில்லை. வெளிச்சம் ஒவ்வொரு முகமாக வந்தது. என் முகத்தைத் தாண்டியது.

நின்றது.

டார்ச் கீழே விழுந்தது.

"இல்ல... இல்ல..."

விழுந்தடித்து ஓடினான். எதற்கென்று தெரியாமலே அடியாட்களும் ஓடினார்கள்.

"ஊரே திரண்டா உதறல் எடுக்காதா பின்ன?" என் வீட்டுக்காரர் சிரித்தார்.

நான் திரும்பினேன்.

வரப்பு வரைக்கும் அறுத்துக் கிடந்தது. ஆள் இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கிடங்குக் கதவைக் கோடாலியால் பிளந்தோம். மூட்டைகளுக்கு நடுவே அக்கா கிடந்தாள். விறைத்துப் போயிருந்தாள்.

கிடங்குக் காவல்காரன் என் காலில் விழுந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.

"எப்படா செத்தா?"

"நேத்து... பொழுது சாயறப்பவே போயிட்டாம்மா. காரியக்காரர்தான் அடிச்சாரு. கண்ணு தெறந்தே கெடந்துச்சு... அவரே தன் கையால மூடிவிட்டாரு."