சித்தப்பா லாரிக்கு கார்டு போட்ட கதை

என் சித்தப்பா இருபத்தாறு வருஷமாகக் கனரக லாரி ஓட்டுகிறார். மேடு பள்ளமெல்லாம் அவருக்குப் பழகிப்போனது. ஆனால் வண்டிக்குள் ஏதாவது கடகடவென்று ஆடினால் மட்டும் பொறுக்க மாட்டார். சாப்பாட்டு டப்பாவுக்குள் கரண்டி உருண்டால்கூட வண்டியை ஓரம் கட்டி, கரண்டியைத் துணியில் சுற்றிவைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டிலும் அப்படித்தான். ஜன்னல் கொக்கிகளில் எல்லாம் காகிதம் மடித்துச் செருகியிருக்கும். கொசு நடந்தாலும் இவருக்குக் கேட்கும் என்பாள் சித்தி.

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய் வீடு காலியானதும் சித்தியும் லாரியில் கூடப் போக ஆரம்பித்தாள். கிளம்புவதற்கு முன் முன்பக்க மூடியைத் தூக்கி ஆயிலும் தண்ணீரும் பார்ப்பது அவள் வேலை. சித்தப்பா அதில் கை வைப்பதில்லை.

போன மழைக்காலத்தில், ஆளில்லாத சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. முன்பக்கம் அமுங்கி, ரேடியேட்டர் கிழிந்து, இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். சித்தியின் முழங்கால் டாஷ்போர்டில் மோதியது. இப்போதும் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறாள். முன்னால் இடி தாங்குகிற இரும்புக் கார்டு போடாத வண்டியில் ஏற மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள்தான், அப்புறம் ஏறவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் வெளியே வந்து ஆயிலும் தண்ணீரும் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

சித்தப்பா ஒன்பது மாதம் தனியாக ஓட்டினார். கேட்டால், காலை நீட்டிப் படுக்க இடம் கிடைக்கிறது என்பார். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முறை போன் செய்து, என்ன சமைத்தாய் என்று கேட்பார்.

ஆறு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் திரும்பியிருந்த சமயம் அது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நான் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "ஏ ஊர்சுற்றி, சும்மாதானே இருக்கே? வா, கார்டு வாங்கப் போவோம்" என்று கூட்டிப்போனார்.

பட்டறைக்காரரை எல்லோரும் அளவு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று முறை அளக்காமல் ஒரு கம்பியைக்கூட வெட்ட மாட்டார். சித்தப்பாவின் கண் முதலில் போனது ஓர் எவர்சில்வர் கார்டு மேல். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அளவு அண்ணன் ஸ்பேனரால் அதைத் தட்டிக் காட்டினார். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது.

"இது போட்டோவுக்கு நிக்கும். மாட்டுக்கு நிக்காது."

அடுத்தது முழுக்கத் தகடு அடித்தது. உறுதிதான், ஆனால் கனம் முழுக்க முன்சக்கரத்தில் இறங்கும், ரேடியேட்டருக்குக் காற்றும் போகாது. கடைசியில், தடித்த இரும்புக் குழாயில் நல்ல இடைவெளி விட்டு, விளக்குகளை மறைக்காமல் செய்திருந்த ஒன்றை எடுத்தோம். இதை பம்பரில் மாட்டக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸியில்தான் மாட்ட வேண்டும் என்றார் அளவு அண்ணன். பம்பரில் மாட்டினால் இடி வாங்குவது மறுபடியும் ரேடியேட்டர்தானாம். கார்டின் அடியில் இரண்டு கீல், மேலே பக்கத்துக்கு ஓர் இரும்புப் பின். பின்னை உருவினால் கார்டு முன்பக்கமாகச் சாய்ந்து இறங்கும்.

மாட்டி முடிக்க அரை நாள் ஆனது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்த சித்தப்பா முகம் தொங்கிப்போய் இறங்கினார். பின் ஆடுகிறது, வெல்டு வைத்துவிடுங்கள் என்றார். பின் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றார் அளவு அண்ணன்.

"வண்டி யாருது?" என்று கேட்டார் சித்தப்பா.

அளவு அண்ணன் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தாற்போல் வெல்டு வைத்தார். திரும்பும் வழியெல்லாம் வண்டி வாயே திறக்கவில்லை. சித்தப்பாவுக்கு மேகத்தில் மிதக்காத குறை.

மறுநாள் காலை சித்தியின் பை கட்டித் தயாராக வாசலில் இருந்தது. அவள் கார்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு வழக்கம்போல் துணியை எடுத்துக்கொண்டு முன்பக்க மூடியைத் தூக்கினாள். அது நாலு விரல் அகலம் திறந்து, கார்டின் மேல்குழாயில் முட்டி நின்றது. பின்னை உருவப் போனாள். அசையவில்லை.

சித்தி குரலை உயர்த்தவில்லை. "ஏங்க, வழியில இஞ்சின் சூடானா தண்ணி எங்க ஊத்துவீங்க? உங்க தலையிலயா?"

சித்தப்பா மூடியைத் தானும் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். நாலு விரல்தான். சித்தி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் மறுபடி பட்டறைக்குப் போனபோது அளவு அண்ணன் கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் தயாராக இருந்தது. "நேத்தே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்கதான் வண்டி யாருதுன்னு கேட்டுட்டீங்களே" என்றார். சித்தப்பா அதை வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். வெல்டை அறுத்து, பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டிப் பின்னின் தலையிலும் அடியிலும் வைத்தார்கள். ஆட்டம் பாதி குறைந்தது. மீதி அப்படியே இருந்தது.

வீட்டு வாசலில் சித்தப்பாவே பின்னை உருவி, கார்டைச் சாய்த்து, மூடியைத் தூக்கிப் பிடித்தார். சித்தி ஆயில் பார்த்தாள், தண்ணீர் பார்த்தாள். கையைத் துடைத்தாள். பிறகு பையை மேலே போட்டுவிட்டு, கதவோரக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டாக ஏறினாள்.

சரக்கு ஏற்றும் இடம் வரைக்கும் நானும் போனேன். முதல் பள்ளத்திலேயே முன்னால் கடகடத்தது. சித்தி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"என்னமோ ஆடுற மாதிரி இல்ல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் சித்தப்பா, சாலையைப் பார்த்தபடி.