நாலு பத்துக்கு வந்தது

சபையில் எழுந்து சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் மறைத்ததை இன்று எழுதுகிறேன்.

2006, மழைக்காலம். வெளிமாநிலத்தில், ஹடப்சர் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நான் மூன்று வருடம் நேசித்தவர் வேறு பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மதியம், ஆபீஸில் யாரோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரும்பினேன். ஒருவரும் இல்லை. உடனே நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். மணி நாலு பத்து.

மறுநாளும் அதே நாலு பத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, விஷ்ராந்த்வாடியில் நான் தங்கியிருந்த அறைக்கும் வந்தது. ஒருநாள் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அங்கேயும் பின்னால் அந்த ஆள். பக்கத்துப் பெண்ணிடம் மணி கேட்டேன். நாலு பத்து என்றாள்.

ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் இதயத்தில் குறையில்லை என்றார். அப்படியானால் பிசாசுதான் என்று எங்கள் ஜெபக் குழு முடிவு கட்டியது. தலையில் எண்ணெய் வைத்து, "பேரச் சொல்லு" என்று அதை அதட்டினார்கள். என் வாயிலிருந்து என்னை விட்டுப் போனவரின் பெயர் வந்தது. எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அறைக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் பின்னால் நிற்பது யாரென்று காட்டும்" என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு, எங்கள் குழுவிலிருந்த நர்ஸ் ஸ்டெல்லா அக்கா கூப்பிடாமலே அறைக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிசாசு வாட்ச் பாத்துட்டா வரும்? முன்னாடி அந்த டைம்ல என்னம்மா நடக்கும்?"

அப்போதுதான் நினைவு வந்தது. தினமும் டீ நேரத்தில், நாலு பத்துக்கு, என்னை விட்டுப் போனவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உன்னை நினைத்தேன் என்று அர்த்தம். நான் அதை மறந்தே போயிருந்தேன். என் உடம்பு மறக்கவில்லை.

"அவன் போயிட்டான்னு ஒன் ஒடம்புக்கு இன்னும் தெரியல, தேடுது. இதால சாக மாட்டே. ஓடாத. மூச்ச மெதுவா வெளிய விடு."

அது வந்தது. ஏறியது, நடுக்கியது, இறங்கியது. முதல் தடவையாக நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவே மனநல டாக்டரிடமும் கூட்டிப்போனார். மெல்ல மெல்லக் குறைந்தது. நான் கேட்டதற்கு ஆண்டவர் ஒரு நர்ஸின் வாயால் பதில் சொன்னார். பின்னால் யாருமே இல்லை. அதற்கு நன்றி சொல்ல என் ஆயுள் போதாது.

இன்றும் எப்போதாவது அந்த நேரத்தில் முதுகு கூசும். அதனால் அதையே என் ஜெபவேளை ஆக்கிவிட்டேன். உங்களுக்கும் இப்படி வந்தால் வெட்கப்படாதீர்கள், வைத்தியரிடம் போங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். நாளை நாலு பத்துக்கு நான் உங்களுக்காக முழங்காலில் இருப்பேன்.