ஹென்றியின் சொசேஜ் ஓட்டம்

லண்டன் நோர்பரி பாலாம்பிகையின் சைவம் ஊரறிந்தது. அவளுடைய சட்டியும் அகப்பையும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் காணாதவை. முட்டை போட்ட கேக்கை மூக்காலேயே கண்டுபிடித்துத் தள்ளி வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு நாயிடம் மயங்கிப்போனாள் என்றால் யார் நம்புவார்கள்?

1989இல் பக்கத்து வீட்டு டோரத்திக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, இரண்டு கிழமைக்கு மட்டும் என்று தன் நாய் ஹென்றியை இவளிடம் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு கிழமை ஆறு மாதமானது. நாய் வைரவரின் வாகனம், வாசலுக்கு வந்ததைத் துரத்தக்கூடாது என்று பாலாம்பிகை ஊருக்கு நியாயம் சொன்னாள். உண்மை வேறு. தையல் தொழிற்சாலையிலிருந்து களைத்து வருகிறவளைக் கண்டதும் அது வாலையும் இடுப்பையும் சேர்த்து ஆட்டும் ஆட்டத்தில் அவள் சொக்கிப்போயிருந்தாள். கிழவியிடம் தினமும் இறைச்சிச் சொசேஜ் தின்று வளர்ந்த ஹென்றி, இவள் கையால் பருப்பும் சோறும் தின்று, உளுந்துவடைக்குப் பைத்தியமாகியிருந்தது.

வில்லங்கம் கிழவியின் தங்கை மகள் ஜூடித் வடிவில் வந்தது. இறைச்சி கொடுக்காத வீட்டில் நாயை விடமுடியாது, தானே கொண்டுபோகப்போவதாகப் போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பழைய பிரபு மாளிகை ஒன்றின் தோட்டத்தில் நாய்களோடு குடும்பங்கள் கூடுகின்றனவாம், அங்கே கூட்டிவந்தால் நாயைப் பார்த்து முடிவு சொல்வாளாம். அன்றிரவு பாலாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை. ஹென்றி இல்லாத வீட்டை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஹென்றிக்கு முழுக்கு, நெற்றியில் திருநீறு. அவளுக்குக் கல்யாண வீட்டுக் காஞ்சிபுரம். கையில் ஒரு பை நிறைய வடை.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டிலை வைச்சாலும் அது குப்பைக்குத்தான் போகும்," என்றார் கணவர் சபாரத்தினம். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த எரிச்சல் அவருக்கு. ஆனாலும் வடைப் பையை வாங்கிக்கொண்டு கூடவே வந்தார்.

தோட்டத்தில் ரோசாக்களைவிட நாய்கள்தான் அதிகம். ரிப்பன் கட்டிய நாய், தொப்பி போட்ட நாய், பிள்ளை வண்டியில் சவாரி வந்த நாய். அத்தனையும் வடைப் பையின் பின்னால் ஊர்வலம் வந்தன. ஜூடித் ஹென்றியைத் தடவிப் பார்த்தாள். கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் மனம் ஆறவில்லை.

அப்போதுதான் சொசேஜ் ஓட்டத்தை அறிவித்தார்கள். புல்வெளியில் இரு பக்கமும் சொசேஜ் தட்டுகள். நாய் நடுவால் ஓடி, மறுகரையில் நின்று கூப்பிடுகிறவரிடம் போகவேண்டும். "உங்களிடம் வந்தால் அவன் உங்களுக்கு," என்றாள் ஜூடித். "சொசேஜில் வாய் வைத்தால் எனக்கு."

வடை இருக்கப் பயமென்ன? பாலாம்பிகை பையைத் திறந்தாள். பை வெறுமை. சபாரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கையப்பா வடை?"

"அந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு ரெண்டு மூண்டு குடுத்தன். மிச்சம்... பசிச்சுது, சாப்பிட்டிட்டன்."

"ஐயோ! நீங்கள் சாப்பிட்டது வடையில்லை, என்ரை பிள்ளையை!"

ஓட்டம் தொடங்கிவிட்டது. முதலில் வந்த அல்சேசன் நாய் முதல் தட்டையே தாண்டவில்லை. அடுத்தது தட்டுக்கு மேலேயே படுத்துவிட்டது. மூன்றாவது, சொசேஜோடு கடதாசித் தட்டையும் விழுங்கியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஹென்றி ஓடிவந்தது, நடுவில் நின்றது. மூக்கு தட்டுக்கு மேலே. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. ஆறு மாத ஆசை!

மறுகரையில் நின்ற பாலாம்பிகை இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "ராசா, என்னட்டை ஒண்டுமில்லையடா! சும்மா வா, அப்பு!"

ஹென்றி சொசேஜைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. ஒருதரம் முனகியது. பிறகு பாய்ந்தது பாருங்கள் ஒரு பாய்ச்சல்! பாலாம்பிகை காஞ்சிபுரத்தோடு புல்லில் மல்லாந்தாள், அவளுக்கு மேலே ஹென்றி. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான். ஜூடித் நாயின் கழுத்துவாரை அவள் கையில் சுற்றிவிட்டாள்.

பரிசாக நாடா கட்டிய ஒரு சொசேஜ் சரம் வந்தது.

"உந்தச் சொசேஜை ஆருக்கும் குடுத்திட்டு வாறன்," என்று சபாரத்தினம் கை நீட்டினார்.

"விடுங்கோ."

பாலாம்பிகை நாடாவை அவிழ்த்தாள். ஒரு சொசேஜைக் கையில் எடுத்து, பிய்த்து, ஹென்றியின் வாயில் வைத்தாள்.

"பாலா, நீ மச்சத்தைத் தொடுறியோ?"

"ஓம். வீட்டை போய் முழுகிறன்," என்றவள், அடுத்ததையும் எடுத்தாள்.