குமிழில் சுற்றிய வாழைநார்

சிதம்பரத்திலிருந்து என் மச்சான் தன் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தான். வால்யூமைத் திருப்பினால் கரகரத்தது. உள்ளே பார்க்க இரண்டு குமிழ்களைக் கழற்ற வேண்டும். இரண்டும் இறுகிக் கிடந்தன. முதலாவதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். உடைந்தது.

பக்கத்துப் பூக்கடை அக்கா எழுந்து வந்தார்.

"ஒரே பக்கமா நெம்புனா ஒடையாம என்னா பண்ணும்?"

பூக்கட்டும் வாழைநாரை அடுத்த குமிழின் அடியில் சுற்றி, இரு முனையையும் பிடித்து நேராக மேலே இழுத்தார். அலுங்காமல் கழன்றது.

"இத எங்க கத்துக்கிட்டீங்க, அக்கா?"

"கேஸ் அடுப்பு குமிழு மாட்டிக்கிட்டா இப்புடித்தான் எடுப்பேன்."

மாலையில் மச்சானிடம், உடைந்தது பழசானதால் என்றேன். கழன்றது என் கைவேலை என்றேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

இன்றும் என் வீட்டுக்குப் பூ கொடுக்கும்போது ஒரு சாண் கூடுதலாகவே அளக்கிறார். அதுதான் உறுத்துகிறது.