புறங்கையால் கேட்ட மழை

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று உதட்டை ஒருமுறை நக்கிப் பார்த்தால் போதும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். கரித்தால் அது புத்தளம் உப்பளத்தின் மேலாக வரும் சோளகக் காற்று. கரிக்காவிட்டால் வேறு ஏதோ காற்று, அதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. ஓகஸ்ட் மாதத்தில் தலைமுடி, தலையணை உறை, கொடியில் காயும் பாடசாலைச் சட்டை எல்லாமே கரிக்கும். கறியில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது குறை சொன்னால், "அது காத்துட வேல" என்று உம்மா தப்பித்துக்கொள்வார்.

வாப்பாவுக்கு உப்பளத்தில் சொந்தமாக ஒரு சிறு பகுதி இருந்தது. பாத்திகளில் கட்டிய கடற்களப்புத் தண்ணீர் வெயிலில் வற்றி, முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு ஓரங்களில் பொருக்குக் கட்டி, ஒரு நாள் காலையில் நாங்கள் போய்ப் பார்க்கும்போது பாத்திக்குப் பாத்தி வெள்ளையாக விரிந்து கிடக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடியும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அந்த வியப்புத் தீரவில்லை, நேற்றுவரை வெறும் தண்ணீராய்க் கிடந்தது இன்று காலின் கீழ் நறநறக்கிறதே என்று வரம்பில் நின்று வாய்பிளப்பேன். அந்த வெள்ளையை ஒரே மணித்தியாலத்தில் இல்லாமல் செய்துவிடக்கூடிய ஒன்று உண்டு. உப்பு விளையும் மாதங்களில் அதன் பெயரை எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை. "அது" என்றுதான் சொல்வோம். வானம் கறுத்தால் "அது வரப் பாக்குது, கிடுகு எடுங்க" என்று வாப்பா கத்துவார், எல்லோரும் ஓடிப்போய்க் குவித்து வைத்த உப்பின் மேல் தென்னோலைக் கிடுகுகளை அடுக்குவோம். தவறி என் வாயில் மழை என்று வந்துவிட்டால், "பேரச் செல்லிக் கூப்பிடாத புள்ள" என்று அதட்டு விழும்.

ஆறாம் வகுப்புப் புவியியல் பாடத்தில் இலங்கைப் படத்துக்கு வர்ணம் தீட்டச் சொன்னார்கள். புத்தளம் உலர் வலயம், மஞ்சள் நிறம், விளைவன உப்பு, தேங்காய், மீன் என்று ஒரே வரியில் முடிந்தது எங்கள் மாவட்டம். நானும் ஒரே மஞ்சள் பென்சிலால் தீட்டிவிட்டு நல்ல பிள்ளையாய் இருந்தேன். எத்தாளையில் மீன்பிடிக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதே காற்றுக்காகத்தான் என்பதும், குறிஞ்சிப்பிட்டி மணலில் வெங்காயம் போடுகிறவர்கள் கிணற்று நீரை அளந்து இறைத்துவிட்டு மேலேயிருந்து ஒரு சொட்டும் அதிகமாக விழக்கூடாது என்று பயப்படுகிறார்கள் என்பதும், சிலாபம் பக்கம் போனால் தென்னந்தோட்டக்காரர் அடுத்த வருடக் காய்க்காக இந்த வருடமே மழை கேட்கிறார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை பேர் ஒரே வானத்திடம் இத்தனை விதமாகக் கேட்கிறார்கள் என்றால், அந்தப் படத்தைத் தீட்ட எத்தனை பென்சில் வேண்டும்!

அதை எனக்குக் காட்டியது எலுவன்குளம். உம்மா பிறந்த ஊர் அது, வில்பத்துக் காட்டின் ஓரம், குளமும் வயலுமாக இருந்த ஊர். நாட்டில் சண்டை நடந்த காலத்தில் உம்மாவின் தம்பி, என் மாமா, வயலை விட்டுவிட்டு எங்களோடு புத்தளத்தில் வந்து தங்கியிருந்தார். சண்டை ஓய்ந்து, பற்றை வெட்டி, வரம்பு கட்டி, அவர் மறுபடி நெல் விதைத்த முதல் போகம் அந்த வருடச் சிறுபோகம்தான். கதிர் வருகிற நேரத்தில் குளம் வற்றிவிட்டது. இந்த முறையும் தவறினால் வயலைக் கைவிட்டு வந்துவிடுவேன் என்று மாமா ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலோ, போன வருடம் உப்பு முழுவதும் கரைந்துபோனதில், இந்த வருடமும் கெட்டால் வாப்பா கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று முடிவாகி, பாஸ்போட் அலுமாரிக்குள் தயாராக இருந்தது. உப்புக்கு இன்னும் பத்து நாள் வெயில் வேண்டும். நெல்லுக்குப் பத்து நாளைக்குள் மழை வேண்டும். ஓகஸ்ட் விடுமுறைக்கு உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு எலுவன்குளத்துக்குப் பஸ் ஏறியபோது நிலைமை இதுதான்.

பஸ் போகப் போக உலகம் மாறியது. வெள்ளை போய், முள்ளுப் பற்றை வந்து, பிறகு செம்மண் புழுதி எழும்பி, கடைசியில் யானை முறித்துப்போட்ட மரங்கள் பாதையோரம் கிடந்தன. காடு என்றால் இவ்வளவு உயரமா என்று நான் கழுத்து வலிக்கப் பார்த்தேன். குளக்கட்டில் ஏறி நின்றபோது, வற்றிய குளத்தின் வெடித்த சேறு ஒரு பக்கம், மறு பக்கம் மாமாவின் நெல், பச்சை மாறாமல் ஆனால் நுனி கருகத் தொடங்கி. பக்கத்து வயல்காரர் பியதாச மாமா அந்தக் கட்டிலேயே மூன்று கல் வைத்துப் மழை வேண்டிப் புதுச் சட்டியில் தேங்காய்ப் பால் பொங்க வைத்துக்கொண்டிருந்தார், என் மாமாதான் அதற்குத் தேங்காய் கொடுத்திருந்தார். "வெஸ்ஸ எனவா, துவ" என்று பியதாச மாமா சிங்களத்தில் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெஸ்ஸ என்றால் மழை, மழை வரும் மகள் என்கிறார் என்று உம்மா சொல்லித்தந்தார். மாமாவோ அதையே "ரஹ்மத்து" என்றார், இறைவனின் அருள். எங்கள் வீட்டில் பெயர் சொல்லக்கூடாத ஒன்றுக்கு இங்கே இத்தனை அழகான பெயர்களா என்று நான் திகைத்துப் போனேன்.

அடுத்த நாள் காலை திடலில் மழைத் தொழுகை. பழைய உடுப்போடு வரவேண்டும், பெண்களும் பிள்ளைகளும் வரவேண்டும், ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். ஒரு ஊரே மிருகங்களோடு வந்து வெயிலில் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பின்னால் ஒரு கன்று என் பாவாடையை மென்றுகொண்டிருந்தது, நான் விரட்டவில்லை, அதுவும் கேட்க வந்ததுதானே. தொழுகை முடிந்து, அதை நடத்திய ஹஸ்ரத் தன் தோள் சால்வையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் போட்டார். நிலைமை மாறட்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்களாம். பிறகு கையை உயர்த்தினார். வழக்கமாக எதையாவது கேட்கும்போது உள்ளங்கையை அல்லவா வானத்துக்குக் காட்டுவோம்? மழைக்குக் கேட்கும்போது புறங்கை வானத்தைப் பார்க்கவேண்டும், உள்ளங்கை நிலத்தைப் பார்க்கவேண்டும். முன்வரிசையிலிருந்து கடைசிவரை எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

என் கையும் பாதி திரும்பிவிட்டது. அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த பாஸ்போட் ஞாபகம் வந்தது. கையைச் சட்டென்று மறுபடி நிமிர்த்தி, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டி, "யா அல்லாஹ், அது வேணாம், வாப்பா போகக்கூடாது" என்று மனதுக்குள் கேட்டேன். ஊர் முழுக்க ஒரு பக்கம், நான் மட்டும் மறு பக்கம். மாமா ஊட்டிவிட்ட காலைச் சோறு இன்னும் வயிற்றில் இருந்தது. வெட்கத்தில் கண் கலங்க, உம்மா என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தம்பியின் நெல்லா, கணவனின் உப்பா? உம்மாவின் கைகள் துப்பட்டிக்குள் இருந்தன, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் பின்நேரம் காட்டுக்கு மேலே வானம் கறுத்தது. நான் மாமா வீட்டு முற்றத்தில் நின்றேன். என்னையறியாமலே "அது வருது! கிடுகு எடுங்க! கிடுகு எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி, வேலியில் கட்டியிருந்த கிடுகு ஒன்றைப் பிடுங்கி, வயலுக்குள் இறங்கி, நெல்லின் மேல் மூடிவிட்டேன். ஊரே சிரித்தது. பியதாச மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தேவிட்டார். மாமா வந்து கிடுகைத் தூக்கி எறிந்து, "மகள், இங்க மூடுறதில்ல, தொறந்து வெக்கணும்" என்று என்னை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தேன், காடு முழுவதும் வெள்ளையாக நடந்து வந்தது. முதலில் சத்தம், பிறகு மண் வாசம், பிறகுதான் தண்ணீர். என் வாழ்நாளில் முதல்முறையாக அதற்குப் பயப்படாமல் அதைப் பார்த்தேன். எத்தனை பெரியது, எத்தனை அழகு! அப்போதே வாப்பாவின் உப்புக் குவியலும் ஞாபகம் வந்தது. முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற உம்மா தம்பியைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் முகம் புத்தளம் பக்கமே திரும்பித் திரும்பிப் போனது. ஊரில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது.

விடிந்ததும் பஸ் ஏறினோம். செம்மண் பாதையெல்லாம் குட்டை. இருபுறமும் பற்றைகள் கழுவிவிட்டாற்போல் பச்சையாக நின்றன. ஒவ்வொரு வளைவிலும் நான் எட்டிப் பார்த்தேன், எல்லாமே ஈரம். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பாதி வழி தாண்டியபோது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அந்த இடத்தில் நான் அதைக் கண்டேன். பாதையின் குறுக்கே ஒரு கோடு! இந்தப் பக்கம் மண் கறுத்து நனைந்திருந்தது, அந்தப் பக்கம் வெளுத்த புழுதி. ஒரே வேலியில் பாதிச் செடிகள் கழுவப்பட்டிருந்தன, மீதிப் பாதியில் பழைய சிவப்புப் புழுதி அப்படியே படிந்திருந்தது. "உம்மா, கோடு!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புத்தளத்தில் இறங்கியதும் நான் முதலில் உதட்டை நக்கினேன். கரித்தது.

வாப்பா உப்புக் குவியலின் பக்கத்தில் நின்றார். எங்களைக் கண்டதும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அங்க அது வந்திச்சா?" என்றுதான் கேட்டார். "ஓம் வாப்பா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அப்படியே குவியலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நான் கேட்டதை யாருக்கும் சொல்லவில்லை, இத்தனை வருடமும்.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அண்மையில் கடைகளில் உப்பே இல்லாமல் போன நாட்களில், சுற்றிவரக் கடல் இருக்கிற நாட்டுக்குக் கப்பலில் உப்பு வருகிறதே என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. கடல் இருந்தால் போதுமா? வெயில் அல்லவா வேண்டும்? ஓகஸ்ட் என்றால் ஓகஸ்ட்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள், அந்தக் கோடும் இல்லை. மழை வந்தால் எல்லா இடத்திலும் வருகிறது. சென்ற வருடமும் எலுவன்குளத்தில் மழைத் தொழுகை நடந்தது, உம்மா போயிருந்தார், மழையும் வந்தது. ஆனால் நிற்காமல் புத்தளம்வரை வந்து வாப்பாவின் குவியலைக் கிடுகோடு கரைத்துவிட்டுப் போனது. வாப்பா இப்போது மழை என்றே வாய்விட்டுச் சொல்கிறார். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வரத்தானே போகிறது என்கிறார்.

போன கிழமை உம்மாவோடு கதைக்கும்போது அந்தப் பழைய கதையை எடுத்தேன். அன்றைக்குத் துப்பட்டிக்குள் கையை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்ட கைய நான் கண்டேன் மகள். நீ வாப்பாக்குக் கேட்டுக்கொண்டு நிக்கிறாய் எண்டு தெரிஞ்சதும்தான், நான் தைரியமா என்ட கையத் திருப்பித் தம்பிக்குக் கேட்டேன்."

அப்படியென்றால் சென்ற வருடம் மட்டும் ஏன் இரண்டு பக்கமும் பெய்தது என்று சும்மா பகிடியாகக் கேட்டுவைத்தேன்.

"போன வருஷம் நீ பக்கத்தில இருக்கல்லயே" என்றார் உம்மா.