ஓகே அமுக்குங்க, அப்புறம் சொல்றேன்

தெருவில் அவருக்கு மேப் டீச்சர் என்று பெயர். விசிட்டிங் கார்டில் இருப்பது வேறு: புவியியல் தகவல் முறைமை, தனி ஆலோசகர் மற்றும் பயிற்சியாளர். அதை முழுதாகப் படித்து முடிப்பவர்கள், தவறாமல், "அப்படின்னா என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். எந்த மனை எங்கே முடிகிறது, எந்தக் குழாய் எதன் அடியில் போகிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறேன் என்பார். "அதான் போன்லயே இருக்கே" என்று பதில் வரும். அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

தனி ஆலோசகருக்கு மேலதிகாரி கிடையாது. ஆகவே எல்லாருமே மேலதிகாரிகள். சாப்பாட்டு மேஜையில் சுவரோரப் பாதி அவருடைய அலுவலகம். மறுபாதியில் கணவர் காய்கறிப் பையை வைப்பார், மகள் இஸ்திரி போட வேண்டிய துணியைக் குவிப்பாள். "நீ வீட்லதான இருக்க" என்று தொடங்கும் வேலைகள் எல்லாம் அவருடையவை: கேஸ் வாங்கி வைப்பது, பிளம்பருக்குக் கதவு திறப்பது, மூன்று வீட்டுப் பார்சலுக்கும் கையெழுத்துப் போடுவது. நடுவில் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து போன் வரும். "சின்ன மேப்தான் மேடம், அரை மணி நேர வேலை." அரை மணி நேர வேலை என்று அத்தனை உறுதியாகத் தெரிந்தவர்கள் ஏன் அதைத் தாங்களே செய்துகொள்வதில்லை என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த சின்ன மேப் வராது.

வார இறுதியில் டயர் கடைக்கு மேலே உள்ள பயிற்சி நிலையத்தில் வகுப்பு. எட்டு வாரப் பாடம். நிலையத்தின் உரிமையாளர் அதை நான்கு வாரமாக்கினார், பிறகு இரண்டே நாளாக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டால் டீ இடைவேளைக்குள் முடிக்கச் சொல்வார். பாடத்தைச் சுருக்கும்போது எதையாவது வெட்டத்தான் வேண்டும். டீச்சர் வெட்டியது ஒரு டப்பாவை.

டப்பா என்பது திரையில் வரும் ஒரு சின்னக் கட்டம். பூமி உருண்டை, படம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்க ஒவ்வொரு காலத்து சர்வேயும் ஒவ்வொரு அளவு முறையை வைத்துக்கொண்டது. பழைய முறையில் அளந்ததையும் புதிய முறையில் அளந்ததையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஒரு ஊரே சேர்ந்தாற்போல் இரண்டு தெரு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் கம்ப்யூட்டர் மரியாதையாக ஒரு டப்பாவைக் காட்டி, இது எந்த முறை என்று கேட்கிறது. இதை விளக்க அரை நாள் வேண்டும். டீச்சர் ஒரு வரியில் முடித்துவிடுவார்: "இப்போதைக்கு ஓகே அமுக்குங்க, அப்புறம் சொல்றேன்." இரண்டு நாள் வகுப்பில் அந்த அப்புறம் ஒருமுறைகூட வந்ததில்லை.

இப்படியிருக்க, ஒரு காலை கணவரின் அக்கா வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். எப்போது வந்தாலும் முதலில் அடுப்படியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அன்று அதுகூட இல்லை.

"என் சமையல்கட்டுச் சுவத்துல சிவப்புப் பெயிண்டால பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருக்கானுங்க. மழைத்தண்ணிக் கால்வாய் அதுக்கு அடியில போகுதாம். நாங்க கால்வாய் மேல வீடு கட்டிட்டோமாம். அடுத்த வாரம் இடிக்க வராங்க."

"யார் சொன்னது அண்ணி?"

"நகராட்சி. புது மேப்புல இருக்காம்."

மேப் என்ற சொல்லை அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். குடும்பத்தில் மேப்பால் ஒரு கெடுதல் வந்தால் யாரைக் கேட்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

"ஏம்மா, நீதான் அதுல பெரிய ஆளாச்சே. அந்தக் கோட்டைப் புடிச்சு அந்தாண்ட கொஞ்சம் நகத்தி விடேன்."

"அப்படியெல்லாம் நகத்த முடியாது அண்ணி."

"அப்ப இத்தனை வருஷமா ராத்திரி பகலா அந்தப் பொட்டிக்கு முன்னாடி உக்காந்து என்னதான் பண்ற?"

கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் நகராட்சியின் இணையதளத்தில் அந்த வரைபடத்தைத் திறந்தார். கால்வாய் அண்ணியின் அடுப்படி வழியாகப் புகுந்து, அந்த வரிசையின் ஒன்பது வீடுகளையும் துளைத்து, நேராகக் காவல் நிலையத்துக்குள் போனது. காவல் நிலையச் சுவரில் மட்டும் யாரும் சிவப்புப் பெயிண்ட் அடிக்கவில்லை. ஆற்றுப்பாலம் ஆற்றை விட்டு விலகி, பள்ளிக்கூட மைதானத்தில் கம்பீரமாக நின்றது. உண்மையான கால்வாய் இரண்டு தெரு தள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் தாண்டும் இடத்தில், திறந்தே கிடக்கிறது. கண்ணை நம்புவதா படத்தை நம்புவதா என்று வந்தால், அலுவலகம் படத்தைத்தான் நம்பும். படத்துக்கு முத்திரை உண்டு, கண்ணுக்குக் கிடையாது.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளியிருந்தன. இந்தத் தவறை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நகராட்சியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்தால் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், எல்லாருக்கும் முன்னால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததால் வகுப்பில் முதல் பெஞ்ச் என்று பெயர் வாங்கியவர். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க மேடம். எல்லாம் உங்க கிட்ட கத்துக்கிட்டதுதான். இந்த ஊர் கால்வாய், பாலம் பூரா நானே ஏத்தினேன்."

"ஏத்தும்போது ஒரு டப்பா வந்திருக்குமே சார்?"

"வந்துது மேடம். ஒவ்வொரு தடவையும் வந்துது."

"என்ன பண்ணீங்க?"

"ஓகே அமுக்கிட்டேன். நீங்கதான மேடம் சொன்னீங்க." பிறகு, நன்றாகப் படித்த மாணவனின் பணிவோடு, "அப்புறம் சொல்றேன்னீங்க. நானும் கேக்கணும்னே இருந்தேன்."

டீச்சர் நகராட்சி இன்ஜினீயரின் அறைக்குப் போனார். படத்தைத் திருத்தாமல் சுவர் நிற்காது. படம் தவறு என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் தவறு என்பதுதான். இன்ஜினீயர் அதைத்தான் கேட்டார், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே. முதல் பெஞ்ச் அங்கே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவர் சொல்லிக் குடுத்தபடிதான் பண்ணியிருக்கார் சார். சொல்லிக் குடுத்தது நான்தான். சொல்லாம விட்டதும் நான்தான்."

இன்ஜினீயர் கோபப்படுவார் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தார். அவர் முகத்திலோ நிம்மதி பரவியது. "அப்ப நல்லதாப் போச்சு மேடம். ஆபீஸ்ல தப்புன்னா ஃபைல் போட்டு, கமிட்டி வெச்சு, மாசக்கணக்குல ஆகும். அதுக்குள்ள சுவத்தை இடிச்சே முடிச்சிருப்பாங்க. வெளியாள் தப்புன்னா ஒரு கடுதாசி போதும், இன்னிக்கே நிறுத்திடலாம்."

தனி ஆலோசகர் எதற்கு என்று ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்விக்கு அன்றுதான் அவருக்கே ஒரு தெளிவான பதில் கிடைத்தது. தனது பயிற்சியில் குறை இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முதல் பெஞ்ச்சின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அரை நாள் பாடத்தை அங்கேயே நடத்தினார். மாலைக்குள் பாலம் ஆற்றுக்குத் திரும்பியது. கால்வாய் காவல் நிலையத்திலிருந்து விடுதலையானது. அந்த ஆண்டு நகராட்சியின் பயிற்சி வேலை வேறொருவருக்குப் போனது. கையில் அப்படியொரு கடிதம் இருக்கும்போது போகாமல் என்ன செய்யும்.

இடிக்கும் வண்டி வரவில்லை. பெருக்கல் குறி மட்டும் அப்படியே இருந்தது. குறி போடத்தான் அலுவலகத்தில் பெயிண்ட் உண்டு, அழிக்க இல்லை. அண்ணி அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டு, டீச்சருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"நகத்த முடியாது நகத்த முடியாதுன்ன. நகத்திட்ட பாரு."

"நான் நகத்தல அண்ணி. அது எங்க இருக்கணுமோ அங்க..."

"சரி விடு. கோடி வீட்டுக்காரிக்கு மனையில ஒரு அடி குறையுதாம். வரச் சொல்லியிருக்கேன்."

அதற்குப் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. முதல் பெஞ்ச்.

"மேடம், டப்பா வந்திருக்கு. ஓகேவா?"

"அமுக்காதீங்க சார். அதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல படிங்க."

"முழுசுமா மேடம்?"

டீச்சர் டீயைக் கீழே வைத்தார். "முழுசும். நான் லைன்லயே இருக்கேன்."